யார் பணத்தில் படிக்கப் போகிறோம்?



முன்வரிசைகளில் கல்லூரி மாணவர்களும் பின்வரிசைகளில் பெற்றோர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளிநாட்டில் மேற்படிப்பு பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எந்த நாடு நல்லது, எத்தனை சிஜிபிஏ இருந்தால் எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்பதெல்லாம் இப்போது உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். யார் பணத்தில் படிக்கப் போகிறோம்?

நம் வீடுகளில் இந்தக் கேள்வி கடைசியில்தான் வருகிறது. முதலில் நாட்டை முடிவு செய்கிறோம். பிறகு பல்கலைக்கழகம், பிறகு அட்மிஷன். விசாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அப்பா மூலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார். அந்த நேரத்தில் வங்கி சொல்கிற வட்டிக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பணம் யாருடையது என்பது முதலில் தெளிவானால் எந்த நாடு, எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு என்பதில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

நூறு ஆண்டுக்கு முந்திய மூன்று பேரின் வரவு செலவை முதலில் பார்ப்போம். அவர்களுடைய மேதைமையைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. அவர்களுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை அவ்வளவாகப் பேசியதில்லை.

1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுன் சேர்த்தது. அந்த 250 பவுனில் 50 பவுன் இங்கிருந்த அவர் குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த 50 பவுனைக் கவனியுங்கள். ஒரு ஏழைக் குடும்பத்துப் பையன் படிக்கப் போனால் கட்டணமும் சாப்பாடும் மட்டும் செலவல்ல. அவன் வீட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளம் நின்றுபோவதும் செலவு. 1914-ல் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தார்கள். இன்றைக்கு இருக்கிற உதவித்தொகைகளில் பெரும்பாலானவை அதைச் சேர்ப்பதில்லை. தங்கை கல்யாணத்துக்கு, அம்மாவின் மருந்துக்கு என்று இங்கே ஒரு வருமானம் தேவைப்படுகிற வீட்டுப் பிள்ளைகள், முழு உதவித்தொகை கிடைத்தும் போகாமல் நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தவர் ஜானகி அம்மாள், தாவரவியலாளர். தலச்சேரியில் பிறந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆசியப் பெண்களுக்கென்றே லீவை பார்பர் என்பவர் 1917-ல் ஏற்படுத்திய உதவித்தொகை அவரை அழைத்துப் போனது. 1931-ல் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். பார்பர் உதவித்தொகையை மிச்சிகன் பல்கலைக்கழகம் இன்றும் கொடுத்துவருகிறது. இப்படிக் குறிப்பிட்ட ஒரு பிரிவினருக்கென்று, ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் அறக்கட்டளைகள் ஏராளம். பொதுப் பட்டியல்களில் அவை அகப்படுவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நிதியுதவிப் பக்கத்தையும் வரி விடாமல் படிக்கிறவர்களுக்குத்தான் அகப்படும்.

மூன்றாமவர் அம்பேத்கர். இவர் கதையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்தார். 1913-ல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து பத்து ஆண்டு பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1915-ல் எம்.ஏ. முடித்தார். 1916-ல் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஆய்வு பாதியில் நின்றது, ஊர் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அந்த ஊரில் சாதியைக் காரணம் காட்டி அவருக்குத் தங்க இடம் கொடுக்க ஆளில்லை. அங்கிருந்து வெளியேறி பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கடன் கொடுத்தார். 1920-ல் மறுபடியும் லண்டன். 1923-ல் டி.எஸ்சி. பட்டம்.

ஒரே மனிதரின் படிப்புக்கு எத்தனை வகைப் பணம் என்று பாருங்கள். நிபந்தனையோடு வந்த உதவித்தொகை, சொந்தச் சேமிப்பு, ஒரு புரவலரின் கொடை, நண்பரின் கைமாற்று. நடுவில் மூன்று ஆண்டு இடைவெளி. படிப்பு நின்றது அறிவு போதாததால் அல்ல, உதவித்தொகையின் கெடு முடிந்ததால். கையில் பணம் சேர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். இடைவெளி விழுந்தால் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவர் வழியில் வருகிறவர்களுக்கென்று மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1950-களிலிருந்து இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இத்தனை பெரிய நாட்டுக்கு 125 மிகக் குறைவு. 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். 2022-ல் இன்னொரு மாற்றம் கொண்டுவந்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தத் தொகை கிடையாது என்று விதி எழுதினார்கள். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்ற கட்டுரையை அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாவில்தான் படித்தார். அந்த விதி அன்று இருந்திருந்தால் அந்த ஆய்வுக்கு ஒரு பைசா வந்திருக்காது. இந்த விதியை எடுக்க வேண்டும், இடங்களைப் பெருக்க வேண்டும் என்று நான் இந்த மேடையில் வெளிப்படையாகவே சொல்கிறேன். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. தகுதியுள்ளவர்கள் மாவட்ட நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது உங்களுக்காக ஒதுக்கிய பணம்.

இனி இன்றைய நிலவரம்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இந்திய மாணவர்கள் 3 லட்சத்து 31 ஆயிரம் பேர். சீனாவை முந்தி நாம் முதலிடத்துக்கு வந்தோம். அவர்களில் 1 லட்சத்து 96 ஆயிரம் பேர் முதுகலை, முனைவர் படிப்பில் இருந்தவர்கள். இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி எம்.எஸ். படிக்கப் போனவர்கள். எம்.எஸ்., முனைவர் பட்டம் இரண்டும் ஒரே துறையில், ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. ஆனால் பணம் ஓடுகிற திசை நேர் எதிர். எம்.எஸ். மாணவர் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிறார். முனைவர் பட்ட மாணவருக்குப் பல்கலைக்கழகம் கட்டுகிறது. அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டால் பொதுவாகக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகை உண்டு. அதற்குப் பதிலாக வாரம் 20 மணி நேரம் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும், அல்லது பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்ய வேண்டும். பி.இ., பி.டெக். முடித்தவர்கள் எம்.எஸ். இல்லாமலே நேராக முனைவர் பட்டத்துக்கு அங்கே விண்ணப்பிக்கலாம் என்பது இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டுதோறும் இதைக் கேட்டு வியக்கிற நல்ல மாணவர்களைப் பார்க்கிறேன்.

இதைச் சொன்னதும் எல்லோரும் முனைவர் பட்டத்துக்குக் கிளம்பக் கூடாது. ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். உதவித்தொகை சிக்கனமாக வாழத்தான் போதும். ஒரே சிக்கலோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிற மனம் வேண்டும். கட்டணம் இல்லை என்பதற்காக மட்டும் போகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே துவண்டுபோகிறார்கள். அதோடு, 2025-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட இடங்களைக் குறைத்துவிட்டன. போட்டி கடுமையாகியிருக்கிறது. ஆய்வில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இறுதியாண்டு புராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள். அதைச் சொந்தக் கையால் செய்தவர்களுக்குத்தான் பேராசிரியருக்கு எழுத ஏதாவது இருக்கும். எழுதும்போது அவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் நூறும் குப்பைக்குத்தான் போகும்.

உதவித்தொகையோடு கடிதம் வந்தால் அதைப் பத்திரம் படிப்பதுபோலப் படிக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு உறுதி தருகிறார்கள்? பன்னிரண்டு மாதத்துக்கா, ஒன்பது மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடைக்காலச் சாப்பாட்டுக்கு வழி என்ன? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள்? கட்டணம் தள்ளுபடி என்று எழுதிவிட்டுச் சில்லறைக் கட்டணங்களை நம் தலையில் வைத்திருக்கிறார்களா? இன்னொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவை ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல மாணவருக்கு நேரம் உண்டு. பிப்ரவரியிலேயே அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டு மார்ச்சில் வருந்த வேண்டாம்.

இப்போது கடன் வாங்கி எம்.எஸ். போகிறவர்களின் கணக்கு. பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

40 லட்ச ரூபாய் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு ஆண்டு, அதன் பிறகு ஓராண்டு அவகாசம். இந்த மூன்று ஆண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கியதாக வைத்தால், தனிவட்டியாகப் போட்டாலும் ஆண்டுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம்; மூன்று ஆண்டில் 13 லட்சத்து 20 ஆயிரம். ஆக முதல் தவணை கட்டுகிற அன்று கடன் 53 லட்சத்து 20 ஆயிரம். பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 73 ஆயிரம். மொத்தம் கட்டி முடிப்பது ஏறக்குறைய 88 லட்சம். கட்டணத்தைத் தவணை தவணையாக வாங்கினால் இது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மாதம் 73 ஆயிரம் என்பது டாலர் சம்பளக்காரருக்குப் பெரிய தொகை அல்ல. ஒரு டாலர் 85 ரூபாய் என்றால் சுமார் 860 டாலர். அங்கே வேலை கிடைத்த பிள்ளைகள் நான்கைந்து ஆண்டில் அடைத்தும்விடுகிறார்கள். அப்படி அடைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அது பொய்யல்ல. என் கவலை மற்ற குடும்பங்களைப் பற்றியது. அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையில் 50 ஆயிரம் சம்பளத்தில் சேர்கிற பிள்ளை 73 ஆயிரம் தவணையை எப்படிக் கட்டும்? இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வேலை கிடைப்பது திறமையை மட்டும் பொறுத்ததல்ல. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி ஓராண்டு. அறிவியல், தொழில்நுட்பப் படிப்பானால் கூடுதலாக இரண்டு ஆண்டு. அதன் பிறகு எச்-1பி விசா வேண்டும். ஆண்டுக்கு 85 ஆயிரம் இடம், அதைவிடப் பல மடங்கு விண்ணப்பம், அதனால் குலுக்கல். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்கு நாள் ஒதுக்குவதையே சில வாரங்கள் நிறுத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுகிறவர்களின் எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். பத்து ஆண்டுக் கடனை நாம் வாங்குகிறோம். அது அடைவதும் அடையாததும் இன்னொரு நாட்டின் ஓர் அறிவிப்பில் இருக்கிறது.

இதில் ஏழைகளுக்கு வட்டியும் கூடுதல். பொதுத்துறை வங்கிகள் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். வீடோ, அங்கீகாரம் பெற்ற மனையோ இருந்தால் சரி. விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஐந்து ஏக்கர் நஞ்சை இருந்தும், ஈடு காட்டச் சொத்து இல்லாதவராகவே அந்த விவசாயி வங்கியின் கண்ணில் தெரிகிறார். அவர் மகள் தனியார் நிதி நிறுவனத்துக்குப் போகிறாள். அங்கே ஈடு வேண்டாம், ஆனால் வட்டி அதிகம். படிக்கும் காலத்திலேயே வட்டியின் ஒரு பகுதியையோ முழுவதையோ மாதாமாதம் கட்டச் சொல்வார்கள். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டத்தை மத்திய அரசு 2022-ல் நிறுத்திவிட்டது. இருக்கிறவனுக்கு மலிவுக் கடன், இல்லாதவனுக்கு விலைகூடிய கடன் என்ற இந்த ஏற்பாடு நியாயமில்லை.

ஜெர்மனிக்கு வருவோம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம் எடுத்துச் செலவழிக்கலாம். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். தவிர, ஆண்டில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம், படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். ஆனால் ஜெர்மன் மொழி பேசாதவர்களுக்கு அங்கே நல்ல வேலை கிடைப்பது கடினம். ஆங்கிலத்தில் படிப்பதால் மொழி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று மாலையிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

அப்படியானால் நம்மூர் கன்சல்டன்சிகள் ஏன் ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை? காரணம் எளிது. மாணவரிடம் பணம் வாங்காமல் 'இலவசமாக' வழிகாட்டும் நிறுவனத்துக்குப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி கமிஷன் தருகிறது. கட்டணமே வாங்காத பல்கலைக்கழகம் கமிஷன் எங்கிருந்து தரும்? ஆகவே ஜெர்மனி என்று கேட்டுப் போகிறவர்களையும் அங்குள்ள தனியார் கல்லூரிகளுக்குத் திருப்பிவிடுவது நடக்கிறது. நேர்மையாக நடத்துகிறவர்களும் உண்டு. யாரிடம் போனாலும் "இந்தக் கல்லூரி உங்களுக்குக் கமிஷன் தருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள்.

முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைகளில், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் நம் மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது. கட்டணமும் கிடையாது, மாதம் 1,400 யூரோவும் உண்டு. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை இரண்டும் வேலை அனுபவம் கேட்கின்றன. முன்னதற்கு இரண்டு ஆண்டு, பின்னதற்கு மூன்று. இதில் நம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. பட்டம் வாங்கிய மறு மாதமே விமானம் ஏற வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டு வேலை பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். எது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் எழுத விஷயம் இருக்கும், சேமிப்பும் கொஞ்சம் இருக்கும். 1892 முதல் இருக்கும் ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகைக்கும் மனுப்போடலாம். ஒரே இடத்தில் முழுத்தொகை கிடைக்காவிட்டால் நான்கு இடத்திலிருந்து சேர்த்துக்கொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அம்பேத்கரே அப்படித்தான் படித்தார்.

பெற்றோர்களுக்கு இரண்டு செய்தி சொல்லி முடிக்கிறேன்.

கல்விக் கடனில் நீங்கள் வெறும் சாட்சி அல்ல, கூட்டுக் கடன்காரர். பிள்ளைக்கு அங்கே ஏதாவது நேர்ந்தால் துக்கத்தோடு கடனும் உங்கள் வாசலுக்கு வரும். சொல்ல வாய் வரவில்லை என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: கடன் தொகைக்குக் குறையாமல் பிள்ளையின் பேரில் ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டு அனுப்புங்கள். டெர்ம் பாலிசி போதும்; அந்த வயதில் அதன் பிரீமியம் குறைவுதான். வங்கி தருகிற பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னால், வெளியிலும் விலை விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்கும்போது ஒப்படைத்த ஒவ்வொரு ஆவணத்துக்கும் வங்கி முத்திரையோடு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, எதையும் விட வேண்டாம். கடன் முழுதாக அடைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் கேட்க முடியும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளுக்கு வருவோம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலில் கேளுங்கள். உங்களுக்குத்தான் இன்னும் கையில் நாள் இருக்கிறது.